எலுமிச்சம்பழத்துக்கு அடியில்

ஊரின் கடைசி வீட்டைத் தாண்டும்வரை குதிரையை நடக்கத்தான் விடவேண்டும் என்பான் காமிக்ஸ் கொள்ளைக்காரன் நெட் கோல்பி, பேங்கிலிருந்து வெளியே வந்தவன் ஓடினால் ஊரே திரும்பிப் பார்க்கும், நடந்தால் அவன் யாரோ ஒரு மாட்டுக்காரன், ஆகவே நான் நடக்கிறேன், வலது செருப்பில் வார் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, இருக்கட்டும், வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு மேல் வசந்தம் நகர் இரண்டாவது தெருவில் வயர்க்கூடையோடு போகிற பொம்பளையை யார் பார்க்கப்போகிறார்கள், கூடையில் மேலாக ஒன்பது எலுமிச்சம்பழம், ஒரு கட்டுத் திரி, நெய்ப் பாட்டில், ராகு காலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்குப் போடப் போகிறவள், அவ்வளவுதான் நான். எலுமிச்சம்பழத்துக்கு அடியில் ஒரு துண்டு, துண்டுக்கு அடியில் மாற்றுச்சேலை ஒன்று, பல் தேய்க்கிற பிரஷ். பிரஷ்ஷை மட்டும் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். சேலையை யாரிடமாவது கொடுக்கலாம், வாங்கலாம், பல் தேய்க்கிற பிரஷ்ஷைக் கூடையில் வைத்துவிட்டால் அப்புறம் கோயிலுக்குப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியாது. எதிர்வீட்டுச் சொர்ணம் அக்கா வாசலில் கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி நாற்காலி போட்டு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறாள். "கோயிலுக்கா செம்பகம்?" "ஆமாக்கா." "ஒங்க அத்தை அப்பமே போயிட்டாவளே, நீ எங்க பின்னால போற?" நின்றுவிட்டேன். நிற்கக்கூடாது, நின்றாயிற்று, நின்றால் சிரிக்கவேண்டும், சிரித்தேன். "பழத்த வச்சுட்டுப் போயிட்டாவக்கா, ஞாபகமறதி." "வயசாவுதுல்லா. கரண்டு ரெண்டு மணிக்குத்தானாம், தெரியும்லா?" தெரியும் அக்கா, உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

கோல்பியின் ஆட்கள் ஒரு ஊருக்குள் இறங்குவதற்கு முன்னால் ஒருவன் கம்பத்தில் ஏறித் தந்திக்கம்பியை வெட்டவேண்டும், அவன் கீழே விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டு ஒரு முழுப் புத்தகம் படுத்தே கிடப்பான், பாவம். எனக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை மின்தடை, தெருப்பெயர் உள்பட பேப்பரில் போட்டு மூன்று நாள் முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டு கேமரா, கேட்டுக்கு மேலே ஒன்று, ஹாலில் ஒன்று, ஹாலில் இருக்கிறது திருடனுக்காக இல்லை என்று என் வீட்டுக்காரருக்கும் தெரியும் எனக்கும் தெரியும், அது அடுக்களை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் தன்னுடைய ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்து ஆணி நிறுத்துக்கொண்டே போனில் என்னைப் பார்ப்பார், பார்த்துவிட்டுப் போன் பண்ணுவார், "எதுக்குட்டி வாசலுக்கும் அடுக்களைக்கும் அலையுத?" மூன்று தடவை அடித்திருக்கிறார், பன்னிரண்டு வருஷத்தில் மூன்று தடவைதானே என்று என் அண்ணன் சொன்னான், அண்ணனைச் சொல்லிக் குற்றமில்லை, அவனுக்கு அந்த மூன்றுதான் தெரியும், நடுவில் இருக்கிற நாட்களை எப்படிக் கணக்குச் சொல்வது. கரண்டு போனாலும் கேமரா இன்வெர்ட்டரில் ஓடும். இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை, கார்த்திகையிலிருந்து நான் ஊற்றவில்லை. ஏழு மாதம். விஷம் வைக்கிறவளுக்குக்கூட இவ்வளவு பொறுமை இருக்காது. போன மாத மின்தடையில் இருபதே நிமிஷத்தில் கேமரா கண்ணை மூடிக்கொண்டது, அவர் மறுநாள் பேட்டரியைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த மாதக் கடைசிக்குள் புதுசு போட்டுவிடவேண்டும் என்றார். ஆகவே இன்றைக்கு விட்டால் இல்லை. பதினொன்று ஐந்துக்கு மதுரை வண்டி, ராஜபாளையத்தில் இறங்கி மாறினால் சாயங்காலத்துக்குள் தேனி, அங்கே எனக்குப் பாடம் எடுத்த ஜெபமணி டீச்சரின் தங்கச்சி நடத்துகிற பெண்பிள்ளைகள் விடுதியில் வார்டன் வேலை, ஒரு அறை, அறைக்கு உள்பக்கமாகத் தாழ்ப்பாள் உண்டு என்று டீச்சர் சொன்னார், நான் கேட்காமலேயே சொன்னார்.

கொள்ளைக்காரனைப் போய் இவ்வளவு மெச்சுகிறாயே என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன். மெச்சத்தான் செய்கிறேன். அவருடைய அலமாரியில் நூற்று நாற்பது காமிக்ஸ் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை, செவ்வாய்க்கிழமை தோறும் நான் தூசி தட்டவேண்டும், உறையைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போடவேண்டும், துடைக்கிற சாக்கில் நின்றபடியே எட்டுப் பக்கம் படித்துவிடலாம், கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பன்னிரண்டு வருஷம் செவ்வாய்க்கிழமைகளில் எட்டெட்டுப் பக்கமாக நான் அந்தப் பாலைவனத்தைக் கடந்திருக்கிறேன். அவருக்குப் பிடித்த பக்கங்கள் வேறு. ஊர்க்காரர்கள் கோர்ட்டை நம்பாமல் சாக்குத்துணியில் கண்ணுக்கு ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு ஒருவனைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்துப் போவார்களே, அந்தப் பக்கங்கள் அவர் கைபட்டே மழுங்கிப்போயிருக்கும், "இப்படி இருக்கணும்டா ஊருன்னா" என்று சாப்பிடும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். எனக்கு அந்தப் பக்கம் வந்தால் உறையை மாட்டி வைத்துவிடுவேன். எனக்கு வேண்டியது கோல்பி. அவன் சுடுவது ரொம்பக் குறைவு. மூன்று மாதம் அந்த ஊரிலேயே லாடம் அடிக்கிறவனாக வேலை பார்ப்பான், எந்தக் காவல்காரன் மத்தியானம் கண் அசருவான், எந்த நாய் யாரைக் கண்டால் குரைக்காது, எல்லாம் மனதில், ஒரு காகிதத்திலும் எழுதமாட்டான். கூட்டாளி ஐந்து பேர், ஒருவனுக்குத் தெரிந்தது இன்னொருவனுக்குத் தெரியாது, இருபது மைலுக்கு ஒரு இடத்தில் புதுக்குதிரை கட்டியிருக்கும், கட்டினவனுக்கு யாருக்காகக் கட்டினோம் என்று தெரியாது. படத்தை மட்டும் பார்ப்பவர்களுக்குத் துப்பாக்கிதான் தெரியும், அந்தக் குதிரையைக் கட்டினதுதான் வேலை, அதை அரைப்பக்கத்தில் முடித்துவிடுவார்கள், அந்த அரைப்பக்கத்தை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். அவன் அடுத்தவன் பணத்தைக் கொண்டுபோனான், அது தப்புதான், நான் கொண்டுபோவது என்னை, இதில் யார் பங்கு போகிறது.

என் குதிரைகள் இரண்டு. ஒன்று மைமூன், பஸ் ஸ்டாண்ட் பின்பக்கம் தையல் கடை, வாரம் ஒரு சேலையை ஃபால்ஸ் அடிக்க என்று கொடுத்துவிட்டு வருவேன், திரும்ப வாங்கமாட்டேன், ஆறாவது சேலைக்கு அவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இதையும் அந்தப் பெட்டிலயே வச்சிரவாக்கா?" என்றாள், அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பீரோவில் முன்வரிசை அப்படியே இருக்கும், பின்னால் பழைய பெட்ஷீட்டை மடித்து வைத்துவிட்டேன். இன்னொன்று ஜெபமணி டீச்சர், அவரிடம் என் சர்டிபிகேட்டெல்லாம் இருக்கிறது. அந்த இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. சர்டிபிகேட்டை எடுத்த கதையைக் கோல்பியிடம் சொன்னால் தொப்பியைக் கழற்றியிருப்பான், நிச்சயமாக. அவை இரும்பு பீரோவில் இருக்கும், சாவி அவர் அரைஞாண் கயிற்றில். வருஷத்தில் ஒருநாள் மட்டும் வெளியே வரும், சரஸ்வதி பூஜைக்கு. வீட்டுப் பத்திரம், கடை லைசென்ஸ், என் பி.ஏ., பி.எட்., அவருடைய முக்கியமான காமிக்ஸ் பத்து, எல்லாம் பட்டுத்துணி விரித்த பலகையில் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைப்பார், கோல்பி நெற்றியிலும் ஒரு பொட்டு, அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்து அடக்கியிருக்கிறேன். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் எடுக்கிறவரை யாரும் படிக்கக்கூடாது, பிரிக்கக்கூடாது. மனுஷன் எதை மீறினாலும் அதை மீறமாட்டார். மத்தியானம் சுண்டலும் பாயசமும் சாப்பிட்டு அவர் குறட்டை விடும்போது அசலை உருவிவிட்டு, மைமூன் கடைக்குப் பக்கத்துக் கடையில் எடுத்து வைத்திருந்த கலர் ஜெராக்ஸை உள்ளே வைத்தேன். அந்தச் சர்டிபிகேட்டின் ஜெராக்ஸ் எப்படி முதலில் வந்தது என்றால் அது அதற்கு முந்தின வருஷத்துச் சரஸ்வதி பூஜையில், அரைமணி நேரத்துக்கு அசலை வெளியே கொண்டுபோய் எடுத்தது. இரண்டு வருஷம். சரஸ்வதி என்மேல் கோபப்பட்டிருக்கமாட்டாள், அவள் படிப்பைத்தானே அவளிடமிருந்து எடுத்தேன்.

தெருமுனையில் அந்தக் கரண்டு கம்பம். இந்தக் கம்பத்தைத் தாண்டும்போதெல்லாம் கண்ணைத் தாழ்த்திக்கொள்வேன், இன்றைக்கு மட்டும் பார்த்துவிட்டேன். போன மாசி மாதம். வசந்தம் நகர் பாதுகாப்பு என்று போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள், அவர்தான் ஆரம்பித்தது, குழந்தை பிடிக்கிறவன் வந்திருக்கிறான் என்று எவனோ ஒரு படம் அனுப்ப, அன்றைக்குச் சாயங்காலம் ஒரு மனுஷன் மஞ்சள் பையோடு வீடு வீடாக நம்பரைப் பார்த்துக்கொண்டு போக, முடிந்தது. எங்கள் கடை நைலான் கயிறு, இந்தக் கம்பத்தில்தான் கட்டி வைத்து அடித்தார்கள். மாடியில் துணி எடுக்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டேன். அந்த ஆள் கத்தவில்லை, "பையப் பாருங்கய்யா, பையப் பாருங்கய்யா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான், பையை யாரும் பார்க்கவில்லை, ஆளைத்தான் பார்த்தார்கள், ஒரு மணி நேரம் கழித்துப் போலீஸ் வந்து பையைத் திறந்தால் அதில் அவன் மகள் கல்யாணப் பத்திரிகை, நாற்பது ஐம்பது இருக்கும், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினது. சொந்தக்காரர் வீட்டைத் தேடிக்கொண்டு தெரு மாறி வந்திருக்கிறான். அவர் வீட்டுக்கு வந்து கையைக் கழுவினார், சோப்புப் போட்டுக் கழுவினார், "சந்தேகப்பட்டது தப்பில்லைல்லா" என்றார், சோற்றைப் போடு என்றார். நான் போட்டேன். அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை, நான் போட்டேன், ரசம் வேண்டுமா என்று கேட்டேன். மறைத்துச் செய்கிறதில் எல்லாம் தப்பு, பகிரங்கமாகச் செய்கிறதில் எல்லாம் நியாயம் என்று யார் சொன்னது, பட்டப்பகலில் முப்பது பேர் முகத்தை மூடாமல் செய்தார்கள், கோல்பி ஒளிந்து ஒளிந்து செய்தான், இரண்டு பேரில் யாரை வீட்டுக்குள் விடுவாய் என்றால் நான் கோல்பியைத்தான் விடுவேன். அன்றைக்குத்தான் தேனிக்குப் போகலாமா என்றிருந்தது போகவேண்டும் என்று ஆயிற்று.

கோயில் தெரு. இந்த வழியாகப் போகாமல் சுற்றிப் போகலாம் என்று முதலில் நினைத்தேன், பிறகு வேண்டாம் என்றது மனசு, எலுமிச்சம்பழக் கூடைக்காரி கோயில் தெருவை விட்டுவிட்டுக் கறிக்கடைத் தெருவில் போனால்தான் சந்தேகம். சாரல் காற்று அடிக்கிறது, மலைப்பக்கம் மூட்டம், மேலே விழுகிறதா இல்லையா என்று தெரியாத தூற்றல். கோயில் வாசலில் செருப்புக் குவியல், அதில் அத்தையின் செருப்பு, வார் அறுந்து ஊக்குப் போட்டது, புதுசு வாங்கிக் கொடுத்தால் இது நல்லாத்தானே இருக்கு என்பாள். உள்ளே முழங்கால் வலியோடு துர்க்கைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டிப் பிழிந்து தோலை உட்புறம் வெளிப்புறமாகப் புரட்டிக் குழியாக்கி நெய் ஊற்றித் திரி போட்டு, ஒன்பது விளக்கு, எட்டு வருஷமாக வெள்ளி தவறாமல், எனக்காக, என் வயிற்றுக்காக. மகனுக்குத்தான் குறை என்று டாக்டர் சொன்னது அவளுக்குத் தெரியாது, சொல்லக்கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார். நான் வீட்டில் இருப்பதாக அத்தைக்கு நினைப்பு, நான் அத்தையோடு கோயிலில் இருப்பதாக அவருக்கு நினைப்பு, விசேஷ பூஜை, போனை எடுத்துப் போகமாட்டேன், பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்து கூப்பிடுகிறேன் என்று காலையில் சொல்லி உத்தரவு வாங்கியாயிற்று. இரண்டு பேருக்கு இரண்டு பொய், அவர்கள் ஒருவரோடொருவர் பேசாத இரண்டு மணி நேரம், அதுதான் எனக்கு இருக்கிற தூரம். அத்தைமேல் எனக்குக் கோபமில்லை. அவர் அடித்த மூன்று தடவையும் எண்ணெய் தேய்த்துவிட்டது அவள்தான், தேய்த்துக்கொண்டே, "ஆம்பளை கோவம்ளா, ஆறிரும்" என்றாள், அதையும் சொன்னாள், எண்ணெயும் தேய்த்தாள். போகிறேன் அத்தை என்று செருப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வரட்டும், கோயில் வாசலில் அழுதால் பக்தி.

மார்க்கெட், மணிக்கூண்டு, வாழைத்தார் இறக்குகிற லாரி, ராகு காலத்தில் ஊரை விட்டு யாரும் பயணம் கிளம்பமாட்டார்கள், கிளம்புகிறவளைப் பார்த்தாலும் பக்கத்தில் எங்கேயோ போகிறாள் என்றுதான் நினைப்பார்கள், அதனால்தான் இந்த நேரத்தையே பிடித்தேன், நல்ல நேரத்தில் கிளம்பி மாட்டிக்கொள்வதைவிடக் கெட்ட நேரத்தில் கிளம்பிப் போய்ச் சேர்வது மேல். மைமூன் கடையில் பெட்டியை வாங்கினேன், நீலத்தில் ஒரு சின்னப் பெட்டி, அவள் ஒரு டிபன் பாக்ஸையும் சேர்த்து நீட்டினாள், "இட்லிதான். பால்கோவாவும் கொஞ்சம் வச்சிருக்கேன்." பால்கோவா. பால். பால் வைத்தேனே. அத்தை கோயிலிலிருந்து வந்ததும் காப்பி கேட்பாள் என்று பாலை அடுப்பில் வைத்தேன், சிம்மில். வைத்தது தெரிகிறது. பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்தது, கத்தரியைக் கழுவியது, சிம்மில் திருப்பியது, பிறகு கூடையை எடுத்தேன், பழத்தை எண்ணினேன், ஒன்பது, கதவைப் பூட்டினேன், சாவியை மீட்டர் பெட்டிக்குள் வைத்தேன். அணைத்தேனா. அணைத்தேன். கை போய்க் குமிழைத் திருப்பியது, டக் என்ற சத்தம், அதைப் பார்க்கிறேன், என் கைதான், பச்சை வளையல். இன்றைக்கு நான் போட்டிருப்பது சிவப்பு. அப்படியானால் அது நேற்று. இல்லை முந்தாநாள். பன்னிரண்டு வருஷம் ஒரே கை ஒரே குமிழை ஒரே மாதிரி திருப்பியிருக்கிறது, அதில் இன்றையதைப் பொறுக்கி எடு என்றால் எப்படி எடுப்பேன். மைமூன் என்னமோ சொல்கிறாள், காதில் விழவில்லை, தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பால் பொங்கும். சிம்மில் வைத்தாலும் அரைமணியில் பொங்கும், பொங்கி வழிந்து தீயை அணைக்கும், அணைந்த பிறகு கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும், ஜன்னல் எல்லாம் நானே மூடினேன், திட்டம் போட்டுத் தாழ் போட்டேன், கரண்டு இல்லை, ஃபேன் இல்லை. பன்னிரண்டு மணிக்கு அத்தை வருவாள், மீட்டர் பெட்டியில் சாவி எடுப்பாள், அவளுக்கு மூக்கு போய் நாலு வருஷமாகிறது, சாம்பார் கருகினாலே தெரியாது, நேரே பூஜை அறைக்குப் போய்த் தீக்குச்சியைக் கிழிப்பாள். அடக்கடவுளே. அணைத்திருப்பேன். நான் அணைக்காமல் ஒருநாளும் வந்ததில்லை. ஒருநாளும் நான் இப்படிக் கிளம்பியதும் இல்லையே. கோல்பி என்ன செய்வான், கோல்பிக்கு அடுப்பே கிடையாதே, அவன் காட்டில் நெருப்பு மூட்டிக் காலால் மண்ணைத் தள்ளிவிட்டுப் போகிறவன், நூற்று நாற்பது புத்தகத்தில் ஒருவன்கூடப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வரவில்லை. இரண்டு வருஷம் எல்லாவற்றையும் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை, ஏனென்றால் இது யோசிக்கிற விஷயமே இல்லை, கை செய்கிற விஷயம். திரும்பிப் போகலாம். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர முக்கால் மணி நேரம், வண்டி போய்விடும், அடுத்த வண்டிக்குள் அத்தை வந்துவிடுவாள். கோயிலுக்குப் போய் அத்தையிடம் சொல்லலாம், சொன்னால் அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள், பெட்டியைப் பார்ப்பாள், கையை விடமாட்டாள், அந்தக் கையை உதறிவிட்டு வர எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் எப்போதோ வந்திருப்பேன். யாரையாவது போன் பண்ணச் சொல்லலாம். சொர்ணம் அக்கா நம்பர் என் போனில் இருக்கிறது, என் போன் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. மைமூனுக்கு அந்தத் தெருவில் யாரையும் தெரியாது, அவளை இதில் இழுத்தால் நாளைக்கு அவள் கடை வாசலில் அந்த முப்பது பேர். ஒன்றையும் காகிதத்தில் எழுதக்கூடாது என்று படித்துப் படித்து ஒரு நம்பர்கூட எழுதி வைக்கவில்லை. மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு நம்பர்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், அவர் சொல்லவைத்துப் பழக்கியது.

பஸ் ஸ்டாண்ட். பத்து ஐம்பத்தாறு. மதுரை வண்டி அதோ நிற்கிறது, பாதிதான் நிறைந்திருக்கிறது, டிரைவர் டீ குடிக்கிறார். ஏறி உட்கார்ந்தால் போதும். பன்னிரண்டரை வரைக்கும் என்னை யாரும் தேடமாட்டார்கள், அதற்குள் ராஜபாளையம், அப்புறம் யார் பிடிப்பார்கள். ஏறி உட்கார்ந்தால் போதும், அணைத்திருப்பேன், நூற்றுக்குத் தொண்ணூறு அணைத்திருப்பேன். மிச்சப் பத்தில் அத்தை இருக்கிறாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தீப்பெட்டியோடு. அந்த மஞ்சள் பைக்காரனை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேனே, இறங்கிப்போய் அந்தப் பையைத் திறந்து காட்டியிருக்கலாம், திறக்கவில்லை, அதை வைத்துக்கொண்டு நாலு மாதமாகத் தூங்கமுடியவில்லை. இதையும் வைத்துக்கொண்டு அந்த உள்தாழ்ப்பாள் போட்ட அறையில் நான் எப்படித் தூங்குவேன். அவரைக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்பது தெரியும். கடையநல்லூர் வரைக்கும் அந்தக் குழுவில் ஆள் இருக்கிறது, ஒரு செய்தி போட்டால் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒருவன் ஏறிப் பார்ப்பான், அவர் பைக்கில் பின்னால் வருவார், பஸ்ஸைவிட பைக் வேகம். இரண்டு மணி நேரத்தையும் என் கையாலேயே தூக்கிப் போடுகிறேன். வேறு யாரையாவது விட்டுச் சொல்லச் சொன்னால் நம்பமாட்டார், யாருடா நீ, எங்கருந்துடா பேசுத என்பதிலேயே அரைமணி போகும், என் குரல்தான் வேண்டும். பயமாக இருக்கிறது. ஆனால் பயத்துக்கு நடுவிலும் எங்கேயோ ஒரு மூலையில் கோல்பி உட்கார்ந்து பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது முதலில் கிளம்பும், யார் ஜன்னலோரம் இருக்கிறார்கள்.

மதுரை வண்டிக்கு நாலு வண்டி தள்ளிச் செங்கோட்டை வண்டி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்துகிறார். ஜன்னலோரம் ஒரு அம்மா, மடியில் பலாப்பழம், கையில் போன். கூடையை மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு பெட்டியைத் தூணுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் கிட்டே போனேன். "எம்மா, ஒரு அவசரம், அடுப்ப அணைக்காம வந்துட்டேன், வீட்டுக்கு ஒரு போன் போட்டுக்கிடட்டா?" "அய்யோ, போடு தாயி, போடு, மொதல்ல போடு." எந்தப் பொம்பளையும் இதற்கு மறுக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும், அது பொய்யும் இல்லை. விரல் தானாகப் போய் அந்தப் பத்து எண்ணையும் அழுத்தியது. ஒரே மணியில் எடுத்தார். "ஹலோ." "நாந்தான்." "இது யாரு நம்பரு?" முதல் கேள்வி அதுதான். "அடுப்புல பால் வச்சேன், அணைச்சனா இல்லயான்னு தெரியல. அத்தை பன்னெண்டு மணிக்கு வந்து வெளக்குப் பொருத்துவாவ. இப்பமே வீட்டுக்குப் போங்க. சாவி மீட்டர் பெட்டில இருக்கு. மொதல்ல ஜன்னலத் தெறங்க, எதையும் பொருத்தாதீங்க." "நீ கோயில்ல இல்லியா?" "இல்ல." "எங்கட்டி இருக்க?" நான் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கண்டக்டர் பக்கமாகப் பிடித்தேன். செங்கோட்டை, செங்கோட்டை, செங்கோட்டை, ஏறுறவங்க ஏறு. பிறகு திரும்பக் காதில் வைத்தேன். "அத்தைய மட்டும் பாத்துக்கிடுங்க. இப்பமே போங்க," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

போனை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். "சொல்லிட்டியா தாயி?" "சொல்லிட்டேம்மா, ரொம்ப உபகாரம்." விசில் அடித்து வண்டி நகர்ந்தது. பஸ் ஸ்டாண்ட் வாசலில் மேற்கே திரும்பும்போது அந்த அம்மா கையில் போன் அடிப்பது தெரிந்தது, அவள் திகைத்து ஒரு தடவை என்னைப் பார்த்தாள், பேசுங்க என்று கையைக் காட்டினேன், அவளும் காதில் வைத்துக்கொண்டாள், அவளும் பலாப்பழமும் அவர் சத்தமும் மூன்று பேருமாகச் செங்கோட்டைக்குப் போனார்கள். அவளை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது, நாலு வசவு கேட்பாள், பதிலுக்கு எட்டுக் கொடுக்கிற மாதிரித்தான் இருந்தாள். தூணுக்குப் பின்னால் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு மதுரை வண்டியில் ஏறினேன். ஓட்டத்தில் முந்தானை நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை, பின்சீட்டுக்காரர் இருமிய பிறகுதான் சரிசெய்துகொண்டேன். டிரைவர் டீ கிளாஸை வைத்துவிட்டு வந்தார். கூடையில் ஒன்பது எலுமிச்சம்பழமும் அப்படியே இருக்கிறது, தேனியில் ஊறுகாய் போட்டுக்கொள்ளலாம். கடை வாசலில் பைக்கை உதைத்திருப்பார். எந்தக் கோபத்தில் இருந்தாலும் அம்மா என்றால் போவார், அந்த ஒன்றில் அவரைக் குறை சொல்லமுடியாது, முதலில் வீட்டுக்குத்தான் போவார். வண்டி ஊரைத் தாண்டும்போது பதினொன்று பத்து. பாலை அணைத்தேனா இல்லையா என்று எனக்கு இனித் தெரியவே போவதில்லை. தெரியாவிட்டால் போகிறது. பன்னிரண்டு வருஷத்தில் முதல்தடவையாக அவர் அந்த அடுக்களைக்குள் போவார், எந்தக் குமிழ் எந்த அடுப்புக்கு என்று அவராகத்தான் கண்டுபிடிக்கவேண்டும்.